பச்சைச் சேலை கட்டிய மாதா

போன வாரம் நம் குருண் டவுன் கிளினிக்கில் மருந்துக்காகக் காத்திருந்தேன். முகப்பில் இருந்த பெண் என் சீட்டில் தேதி முத்திரையைக் குத்திவிட்டு, மைப்பெட்டியை மூடாமல் என் பக்கம் தள்ளி வைத்தாள். அந்த ஊதா மையின் வாசம் மூக்கில் ஏறியதும், என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் தோளைத் தட்டிச் சொன்னார். வருகிற ஜனவரியோடு நீ கண்ணை மூடி இரண்டு வருடம். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டி கட்டியவர்கள் நாம். நீ சிடாம் கிரிப் பக்க ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவர் அண்ணன். நீ மதம் மாறி, தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டு குருணுக்கு வந்த நாளிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை. அலோர் ஸ்டாருக்குக் குடிபோய்விட்டார். இதை நீ ஒரே ஒருமுறை, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாய். நானும் மேலே கேட்கவில்லை.

நவம்பர் ஞாயிறுகளில், கிறிஸ்துமஸ் வாழ்த்து செய்ய, உன் சாப்பாட்டு மேசை முழுக்கக் கெட்டி அட்டையாகக் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரில் பிளேடால் செதுக்கி நீயே முத்திரை செய்திருந்தாய். ஒன்றில் நட்சத்திரம். இன்னொன்றில் மாதா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "கடையில பனி விழற படம்தான் இருக்கு. நமக்கு எங்க பனி?" என்பாய். முத்திரையின் மேல் வாயால் ஊதி, மையில் தொட்டு, உள்ளங்கையால் அழுத்துவாய். வண்ணம் தீட்டுவது என் வேலை.

முதல் வருடம், "மாதாவுக்கு நீலம்தான் போடுவாங்க" என்று நீ சொல்வதற்குள் நான் கிளிப்பச்சையில் தீட்டி, அரக்குக் கரையும் போட்டுவிட்டேன். கிழித்துவிடவா என்று கேட்டேன். நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"இருக்கட்டும்லா. கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி இருக்காங்க."

அதிலிருந்து நம் மாதாவுக்குப் பச்சைதான்.

காய்ந்த முதல் அட்டை எப்போதும் அண்ணனுக்கு. உள்ளே ஒரே வரி: 'அண்ணனுக்கும் அண்ணிக்கும், அன்புடன் தங்கச்சி.' பதினோரு வருடம் அனுப்பினாய். ஒரு பதிலும் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

"பதிலுக்கா அனுப்புறேன்? நான் இருக்கேன்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

பன்னிரண்டாவது வருடம் உன் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முத்திரையை அழுத்தக் கையில் வலுவில்லை. நான் அழுத்தினேன், நீ பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து கோணலாக விழுகிறதா என்று பார்த்தாய். உடம்பு முடியவில்லை என்று அண்ணனுக்கு எழுதச் சொன்னேன்.

"நோயக் காட்டிக் கூப்பிடறது கூப்பிடறதா?" என்று சொல்லிவிட்டு, அதே ஒரு வரியைத்தான் எழுதினாய். அட்டைகளை என்னிடம் கொடுக்கும்போது மட்டும், "இந்த வருசம் வருவார்னு தோணுது" என்றாய்.

மறுநாள் அலோர் ஸ்டாரில் என் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் உன் அண்ணனைப் பார்த்தேன். நீ காட்டிய படத்தில் இருந்த அதே நெற்றி, அதே மீசை. கிட்டே போய், "அண்ணே, நான் உங்க தங்கச்சியோட வேலை செய்யறேன்" என்றேன்.

"எனக்குத் தங்கச்சி யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விட்டார். உன் நோயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை தபால் நிலையத்தில் எல்லா அட்டைகளையும் போட்டேன், அவருடையதைத் தவிர. இப்படிப்பட்ட மனிதருக்காக நீ வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். போட்டுவிட்டாயா என்று கேட்டாய். போட்டுவிட்டேன் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்க, நான் உனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. உன் அண்ணன் உள்ளே வந்தார். உன் கையில் இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்ததும் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கார்டு கிடைச்சுதா அண்ணே?" என்றாய். நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிடைச்சுதும்மா."

அவர் கிளம்பும்போது வாசல்வரை போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கார்க் கதவைத் திறந்தவர் மறுபடியும் சாத்திவிட்டுச் சொன்னார்.

"பத்து நாளா தபால் பெட்டியத் திறந்து திறந்து பாத்தேன். வரல. மனசு கேக்கல, வண்டிய எடுத்துட்டேன்." பிறகு, "வந்திருந்தா, நல்லா இருக்கான்னு நினைச்சு எடுத்து வச்சிருப்பேன். வந்திருக்க மாட்டேன்" என்றார்.

அதன்பின் மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். உன் அடக்கத்தன்று தேவாலயத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

அவர் முதலில் வந்துபோன அன்று நீ என்னிடம் சொன்னாய்: "பாத்தியா, கார்டு போய்க் கூட்டிட்டு வந்துருச்சு." நான் தலையாட்டினேன். அந்த மூன்று வாரத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கலாம். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

நடந்தது நல்லதாய் முடிந்துவிட்டது என்று சில நாள் ஆறுதல் சொல்லிக்கொள்வேன். ஆனால் அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. பதினோரு வருடம் நீ விடாமல் அனுப்பியதால்தான், ஒரு வருடம் வராதது அவருக்கு உறைத்தது. அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காதவராக இருந்திருந்தால், நீ காத்திருந்தே போயிருப்பாய். காரணம் நானாக இருந்திருப்பேன்.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம், இன்னாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டுக்கொண்டால், அவர் கேட்பாரா, கேட்க மாட்டாரா என்று நான் யோசிப்பதில்லை. அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.