ஃபெலிக்ஸ் ஆட்டோவில் வருவான்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீயும் யாழினியும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். சண்டை ஓயும்வரை யாருக்கும் லீவு இல்லை. பகலில் பதுங்குகுழியை விட்டுத் தலை நீட்ட முடியாது. குனிந்தே கிடப்பதில் முதுகுதான் முனகுகிறது.

அன்று ராணுவ போனில் யாழினி, "நான்னா, எப்புடு ஒஸ்தாவு?" என்று கேட்டாள். அப்பா எப்போது வருவாய் என்பதைக்கூடத் தெலுங்கிலேயே கேட்கிறாள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று எங்கள் சமையல் கூடாரத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தது. சாம்பார் போச்சு, அவ்வளவுதான்.

கைபேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆனாலும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக்கொண்டே இரு. ஒரு டிக்தான் விழும், பரவாயில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டாலும் போதும். என் நம்பருக்கு ரீசார்ஜ் போட மறக்காதே.

எங்கள் சமையற்காரன் ஃபெலிக்ஸ் சிகிச்சைக்காகச் செகந்திராபாத் வருகிறான். யாழினிக்கு அக்ரூட் கொடுத்தனுப்புகிறேன். அவன் கைக்கட்டைப் பார்த்துப் பதறாதே, சூடான சாம்பார் பட்டதுதான். அல்வாலில் நம் வாசலில் ராணுவ வண்டி நின்றால் தெருவே என்ன நினைக்கும் என்று உனக்குத் தெரியும். அதனால் யூனிஃபார்ம் போடாமல் ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்றே, "அண்ணி, அண்ணன் நல்லா இருக்காரு!" என்று கத்திவிட்டுத்தான் மணி அடிப்பான்.

தபால் வண்டி கிளம்புகிறது, நிறுத்துகிறேன். அந்தக் குரல் கேட்காவிட்டால் கதவைத் திறக்காதே.

உன்
கதிரேசன்