ஏலக்காட்டு ஜீப்புல ஒரு இடம்

அப்பா,

என்னயக் கூட்டிட்டுப் போக வர வேணாம். கட்டுன பையப் பிரிச்சுட்டேன்.

ஏலக்காட்டுப் பொம்பளைகளுக்குப் பூச்சிமருந்தால என்ன நோவு வருதுன்னு கேக்குறதுதான் எங்க ஆராய்ச்சி. "ஊன்றுகோலோட மலைச்சரிவுல ஏற முடியாது, நீ கீழ போடி டவுன் ஆபீஸ்லயே இரும்மா"ன்னு ஆராய்ச்சிய நடத்துற எங்க டாக்டர் சொல்லிட்டாரு. மேல போனவங்களுக்கு ஒரு பதிலும் கிடைக்கல. கங்காணி பக்கத்துல நின்னா யாரு வாயத் திறப்பா?

நேத்து அந்தப் பொம்பளைக வேலைக்குப் போற, கங்காணி இல்லாத ஜீப்புல நானும் ஏறிட்டேன். அதுல இருந்த ஒச்சம்மா அக்கா ஊன்றுகோல வாங்கி மடியில வச்சுக்கிட்டு இடம் விட்டுச்சு. மலை ஏறி முடியுறதுக்குள்ள தலைசுத்தல்லருந்து கரு கலைஞ்சது வரைக்கும் சொல்லிட்டாங்க.

இன்னைக்கு டாக்டர், "நாளைக்கு நானும் ஜீப்புல வரட்டுமா?"ன்னாரு.

"நீங்க ஏறினா பேச மாட்டாங்க சார், ஆபீஸ்லயே இருங்க"ன்னேன். "சரி, நீயே கேளும்மா"ன்னாரு.

வீட்டுலயே இரும்மான்னு நீங்க சொன்னப்ப எனக்கு இப்படிப் பதில் வரலப்பா. சோலி முடிஞ்சதும் நானே பஸ்சேறி வர்றேன்.

உங்க மக