மடியில் இருந்த தலையணை

அன்புள்ள அப்பாவுக்கு, நாகஜோதி எழுதுவது. பஞ்சுக் கிடங்கு வேலையில் வந்த இருமல் தேவலையா? நான் சுகம்.

போடியில் நம் வீட்டிலிருந்து திரும்பிய அன்று, நீங்கள் தைத்துக் கொடுத்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. மேடவாக்கத்தில் மாடு குறுக்கே வர, சடன் பிரேக். கம்பியில் மோத வேண்டிய முகம் தலையணையில் புதைந்தது. கீறல்கூட இல்லை.

"தலகாணி இல்லாங்காட்டி மூக்கு பேந்திருக்கும்மா!" என்றார் டிரைவர்.

கம்பெனியில் காருக்கு நாங்கள் ஏர்பேக் தைப்பதும் இதற்குத்தான்: தலை சட்டென்று நிற்காமல், அமுங்கி மெல்ல நின்றால் அடி குறையும். உங்கள் கைக்குக் கோடி நன்றி அப்பா.

மோதியதில் தலையணையின் ஓரம் பிரிந்து பாதிப் பஞ்சு பறந்துவிட்டது. கொஞ்சம் இலவம்பஞ்சு வேண்டும். பார்சல் வேண்டாம், நீங்களே கொண்டுவந்து தைத்துக் கொடுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. எனக்கும் தைக்கத் தெரியும்தான். இருந்தாலும் வாருங்கள்.

உங்கள் மகள்,
நாகஜோதி