தர்மனின் இடது தோள்

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று. வாய்க்குள் எல்லாம் புழுதி. வெங்காயத்துக்கு இறைக்கிற காலம், திருத்த வந்த பம்ப் நான்கு முற்றத்தில் கிடக்கிறது. ஒன்றையும் தொடவில்லை. காரணம் என் கூட்டாளி தர்மன்.

பின்னேரம் தன் தையற்கடையை நேரத்துக்கு முந்தியே பூட்டிவிட்டு வந்தான். அப்போதே யோசித்திருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்தான். வெங்காய விலை கதைத்தான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு:

"மச்சான், இந்த முறை நீ சாமி காவ வராதை. சபையிலை கதைச்சவை."

"என்ன கதைச்சவை?"

"உன்ரை முதுகு. சனம் பயப்பிடுது. குட்டமெண்டு சொல்லுதுகள்."

"நீ என்ன சொன்னனி?"

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினான். அம்மன் கோயில் சபைக்குச் செயலாளர். வாய் திறக்க முடியாத செயலாளர்.

இருபத்திரண்டு வருஷம் சாமியைத் தோளில் சுமந்தது ஒரே தண்டில். அவன் முன்னுக்கு, நான் அவனுக்கு நேர் பின்னுக்கு. கோயிலுக்குள் மேலுடம்பை மூடக்கூடாது. மூட விட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திராது.

மூன்று வருஷத்தில் பூசியவை:
படர்தாமரை மருந்து, இரண்டு டொக்டர்மார் சொல்லி, எட்டு ரியூப்.
மருந்துக்கடைக்காரன் தானாகத் தந்தது. பூச மறைந்தது, விட இரட்டிப்பாய் வந்தது.
கனடாவில் இருந்து அண்ணை அனுப்பியது.
வேப்பெண்ணெய்.
மண்ணெண்ணெய் (ஒரு நாள். வெட்கம்).

மனைவி வசந்தி சோறு போட்டு மூடி வைத்திருக்கிறாள். பசியில்லை.

யூலை 10, வியாழன்

யாழ்ப்பாணம், தோல் கிளினிக். நம்பர் 47. காத்திருக்கிற வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி என் முழங்கைச் செதிலைக் கண்டுவிட்டு எழும்பிப் போய்ச் சுவரோடு நின்றாள். தன் தோலைக் காட்ட வந்தவள்!

டொக்டர் இளம் பெண். கூடப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். வெளிச்சம் உள்ள சின்னக் கண்ணாடியை முதுகில் வைத்துப் பார்த்தா.

"இதைப் படர்தாமரை எண்டு ஆர் சொன்னது?"

சொன்னேன். பெருமூச்சு விட்டா.

"சொரியாசிஸ் ஐயா. புத்தகத்திலை இருக்கிற படமெல்லாம் வெள்ளைத் தோல். அதிலை சிவப்பாய்த் தெரியும். எங்கடை நிறத்திலை கறுத்து, ஊதாவாய் இருக்கும். அதாலை கன பேருக்குப் பிழைச்சுப்போகுது. இப்பத்தான் எங்கடை தோல்களைப் படமெடுத்து ஆராய்ச்சி செய்யினம்."

தொற்றாது. தொட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. உடம்பின் காவல் பிழைத்துத் தன்னையே அடிக்கிற வருத்தமாம். மூட்டுகளையும் பிடிக்கலாம், இருதயத்தையும் கவனிக்க வேண்டுமாம். அடியோடு மாறாது, அடக்கி வைக்கலாம். மூன்று வருஷம் பிழையான மருந்து. ஆரிடம் போய்க் கேட்கிறது?

கண்ணை மூடச் சொல்லிவிட்டு பஞ்சால் அங்கங்கே தொட்டா. பட்டால் "ஓம்" சொல்ல வேண்டும். எல்லா இடமும் பட்டது. ஏன் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொன்னா:

"செதில் கொட்டி, சொறியச் சொல்லிக் கடிக்கிறதைக் கண்டுதான் சனம் பயப்பிடும். நாங்கள் தேடுறது வேறை. கடியாது, நோகாது, வெளிறின தேமல் மாதிரி இருக்கும், தொட்டால் தெரியாது. தொழுநோய், சனம் குட்டமெண்டு சொல்லுறது, அப்பிடித்தான் வரும். வேளைக்கு வந்தால் குளிசையோடை முழுச் சுகம், மற்ற ஆக்களுக்கும் பரவாது. பிந்தினால் நரம்பு செத்து விரல் மடங்கிப்போகும்."

ஆராய்ச்சிக்கு என் முதுகைப் படம் எடுக்கலாமோ என்று கேட்டா. முகம் வராதாம். எடுங்கோ என்றேன். ஊர் ஒதுக்கின முதுகு, எங்கேயாவது உதவட்டும்.

சபைக்குக் காட்டக் கடிதம் கேட்டேன். தமிழிலேயே எழுதித் தந்தா: இது தொற்றுநோய் அல்ல. கையெழுத்து, சீல். உறையில் போட்டு ஒட்டியும் தந்தா.

யூலை 11, வெள்ளி

காலையில் கடிதத்தைத் தர்மனின் கையிலேயே கொடுத்தேன். "சபையிலை வாசிக்கிறன்" என்றான். பம்ப் ஒன்று திருத்தி முடித்தேன். வோஷர் இரண்டு வாங்க வேண்டும்.

பின்னேரம் தொலைபேசி. "சபை ஓமெண்டு சொல்லேல்லை மச்சான். அடுத்த வருஷம் பாப்பம்."

"கடிதம் வாசிச்சனியோ?"

"வாசிச்சது, வாசிச்சது."

வசந்தி அடுப்படியில் இருந்து சத்தமாக: "இவரின்ரை முதுகுக்குச் சேட்டுத் தைச்சவன் அவன்! அளவெடுக்கேக்கை தொத்தேல்லையோ?"

கோபத்தில் நல்ல ஸ்பனர் ஒன்றைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டேன். விசர். நாளைக்கு இறங்கி எடுக்க வேண்டும்.

யூலை 13, ஞாயிறு

முதலாம் திருவிழா. கோயிலுக்குப் போகவில்லை. காலையில் சாமி எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு வந்தபோது வாசல் படலையில் நின்றேன், சேட்டோடு. வசந்தி கும்பம் வைத்தாள்.

என் இடத்தில் புது ஆள். உயரம் காணாது. தண்டு ஒரு பக்கம் சரிய, தர்மனின் தோளில் இருந்த சால்வை நழுவி வெறும் மரம் தேய்த்துக்கொண்டிருந்தது. படலையடியில் இறக்கி வைத்தார்கள்.

யாரோ: "தர்மன், தோளிலை ரத்தம்!"

"எங்கை?"

அவன் வலது தோளைப் பார்த்தான். இரத்தம் இடது தோளில். தோல் உரிந்து முதுகு வரைக்கும் வழிகிறது. தொட்டுக் கையைப் பார்த்துச் சிரித்தான். "நோகவேயில்லை, அம்மாளின்ரை அருள்" என்றான். சனமும் தலையாட்டியது.

படலையில் நின்றபடி அவன் தோளையே பார்த்தேன்.

அந்த இடத்தில் ஒரு வெளிறின தேமல் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னம் ஒரு ரூபாய்க் குற்றியளவு. இப்போது சிரட்டை வாயளவு. எனக்குத் தெரியும். அவனுக்குத் தன் முதுகு தெரியாது. திருவிழாவுக்குத் திருவிழா அதற்குப் பின்னால் நடந்தவன் நான்.

என் மேல் அவர்கள் எறிந்த சொல், அவன் தோளில்.

அப்போதே கத்தியிருக்கலாம். ஒரே ஒரு சொல். சனம் சாமியை விட்டுவிட்டு ஓடியிருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் அவன் சின்ன மகள் ஓடிவந்து தன் சட்டை நுனியால் அவன் இரத்தத்தைத் துடைத்தாள்.

உள்ளே வந்துவிட்டேன்.

யூலை 14, திங்கள்

போயா விடுமுறை நாள் மாதிரி உடம்பு. வேலை ஓடவில்லை.

வசந்தியிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பிறகு: "இஞ்சேருங்கோ, சொல்லப்போறது ஊருக்கோ, அவருக்கோ?"

முற்றத்துக்கு இறங்கினேன். ஊருக்குத்தான் என்று மனம் சொல்லியது. அவன் எனக்காக வாயே திறக்கவில்லை. நான் மட்டும் ஏன் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும்?

டொக்டர் சொன்ன மடங்கின விரல்கள் நினைவுக்கு வருகின்றன. அவன் ஊசியில் நூல் கோர்க்கிற ஆள்.

யூலை 15, செவ்வாய்

ஸ்பனர் எடுத்தாயிற்று. வோஷர் வாங்கவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது.

யூலை 16, புதன்

தையற்கடைக்குப் போனேன். உதவி செய்யப் போகவில்லை. முகத்துக்கு நேரே சொல்லி, அவன் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் போனேன். இந்தக் கொப்பியில் பொய் எழுதி ஆரை ஏமாற்றுவது?

தனிய இருந்தான். அயன் சூடாக இருந்தது. இடது சின்ன விரலில் பெரிய கொப்புளம்.

"என்னது?"

"அயன் சுட்டுப்போட்டுது போலை. காணேல்லை."

கதவைச் சாத்தினேன். "பஞ்சு இருக்கோ?" என்றேன். கேள்வி கேட்காமல் மேசை லாச்சியை இழுத்தான். அளவு நாடா, சோக்குக் கட்டி, தலையணைப் பஞ்சு. அதற்கு அடியில் என் கடிதம். உறை ஒட்டினது ஒட்டினபடி.

நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"மச்சான், வாசிச்சாலும் அவை..."

"சேட்டைக் கழட்டு."

"என்னடா?"

"கழட்டு. கோயிலிலை மட்டுமோ கழட்டுவாய்?"

என் குரலைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். கழற்றினான். திரும்பி நின்றான். பழைய மாதிரியே அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. தோளில் காயம் காயவில்லை. அதைச் சுற்றி அந்த வெளிறல்.

"கண்ணை மூடு. பஞ்சு பட்டால் ஓம் எண்டு சொல்லு."

வலது தோள். "ஓம்."

கழுத்து. "ஓம்."

நடு முதுகு. "ஓம். கூசுதடா, விடு."

இடது தோள்.

ஒழுங்கையால் ஒரு மோட்டச் சைக்கிள் போனது. திரும்பவும் தொட்டேன். காயத்தின் ஓரத்தில் இழுத்தேன். விரலாலேயே அழுத்தினேன்.

கண்ணை இறுக்கி மூடியபடி சிரித்தான்.

"பஞ்சை வைச்சுக்கொண்டு என்ன யோசிச்சுக்கொண்டு நிக்கிறாய்? தொடன்ரா."