பாதிக் கடவுச்சொல்

உன்னைப் பட்டாபிராம் கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வந்த மறுநாள், நாம் இருவரும் பார்த்துக்கொண்ட சங்கத்து சர்வரில் எனக்கிருந்த நிர்வாகி உரிமையைப் பறித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பறித்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லாமல் பறித்தது குற்றம். பறித்ததை முழுசாகத் தூக்கி ஒரே ஆளிடம் கொடுத்தது அதைவிடப் பெரிய குற்றம். இந்த மாதக் கடைசியில் உன் பெயரையும் அங்கிருந்து அழிக்கப்போகிறார்கள்.

இன்று காலை வழக்கம்போல் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய், சங்க அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்தேன். ஒரு கோப்பை நகர்த்தப் பார்த்தேன். "இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது திரை. நம்மிடம் வந்து சண்டை போட்டவர்களெல்லாம் இந்த வாசகத்தைக் காட்டித்தான் போட்டார்கள். எனக்கே அது வந்தது இதுதான் முதல் முறை. உன்னிடம் காட்டலாம் என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள்.

எல்லாரும் நிர்வாகியாக இருந்த காலம் ஒன்று உண்டே, நினைவிருக்கிறதா? சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து, எல்லாரும் செய்கிற உதிரிபாகங்களின் வரைபடங்கள் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பொதுக் கம்ப்யூட்டராக ஒரு சர்வர் வாங்கினோம். வாங்கின அன்றே கௌரவப் பிரச்சினை வந்துவிட்டது. அவனும் முதலாளி, நானும் முதலாளி, அவனுக்கு இருக்கிற உரிமை எனக்கு ஏன் குறைய வேண்டும்? கல்யாணப் பத்திரிகையில் எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதுபோல, எல்லாரும் முழு உரிமை கேட்டார்கள். கொடுத்தோம்.

பாடியில் உலோக அச்சு செய்யும் டை பட்டறை வைத்திருக்கும் கன்னியப்பன் தன் மகள் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து அதில் ஏற்றினார். சர்வரைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லையென்று நீதான் அவரிடம் சொல்லியிருந்தாய். இடம் போதவில்லை. எது பெரிதாக இருக்கிறதோ அதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, பெரிதாக இருந்த ஒரு ஃபோல்டரை அழித்தார். அதுதான் எல்லாருடைய வரைபடங்களும். நீ தனியாக எடுத்துவைத்திருந்த பழைய பிரதியிலிருந்து பாதிக்கு மேல் மீண்டது. மீளாதவற்றுக்காகப் பட்டறைகள் மெஷினை நிறுத்திவைத்துக் காத்துக்கிடந்தன. கல்யாண வீடியோவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் நீ எழுந்து, ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்கு வேண்டிய உரிமை போதும், மற்றதை எடுத்துவிடுகிறேன் என்றாய். கூடம் கொதித்தது. கன்னியப்பனுக்குத்தான் கோபம் அதிகம்.

"இன்னா நைனா, நானும் பங்கு போட்டவன்தானே? என் ஊட்டுக்கு எனக்கே பூட்டா?"

"அண்ணாத்தே, நாம எல்லாருந்தான் டிக்கெட் எடுத்துகினு சென்ட்ரலுக்குப் போறோம். அதுக்குன்னு அல்லாரும் இஞ்சின்ல ஏறி குந்திக்கினா வண்டி போய்ச் சேருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அப்போ நீ மட்டும் ஜம்முனு இஞ்சின்ல குந்திக்கினு வருவ. அப்டித்தானே?"

உன் முகம் மாறியது. என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பிறகு அவரிடம், நானும் தனியாக ஓட்ட முடியாதபடி செய்துவிடுகிறேன் என்றாய். வீம்புக்குச் சொன்னாய் என்றுதான் நினைத்தேன்.

அப்படி வந்ததுதான் நம் பாதிக் கடவுச்சொல். நிர்வாகியாக உள்ளே போகும் கடவுச்சொல்லின் முதல் பாதி உனக்கு, அடுத்த பாதி எனக்கு. உன் பாதி எனக்குத் தெரியாது, என் பாதி உனக்குத் தெரியாது. அன்றாட வேலைக்கு நாமும் மற்றவர்களைப் போலச் சாதாரணக் கணக்கில்தான் நுழைவோம், கோப்புகளை இடம் மாற்றும் உரிமை மட்டும் கூடுதல். உள்ளே எதையாவது மாற்ற வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து வர வேண்டும். நீ தட்டும்போது நான் ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்ப்பேன். நான் தட்டும்போது நீ சுவரில் தொங்கும் காலண்டரைப் படிப்பாய். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்த முறையில்லை. படித்துத் தெரிந்துகொள்ள நமக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள் நாம்.

எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது ஏதோ அவசர வேலை. போனிலேயே என் பாதியைச் சொல்லிவிடச் சொல்லிச் சங்கச் செயலாளர் என்னை நச்சரித்தார். நானும் சோர்வில் உன்னிடம் சொல்லிவிடத் தயாராகத்தான் இருந்தேன். நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆவடியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாய்.

"உன் பாதி எனக்கு வேணாம் மச்சான். ஒரு தபா தெரிஞ்சுகினா, அப்பால தெரியாத மாதிரி கீறதுக்கு முடியாது."

லேப்டாப்பைக் கட்டிலில் என் பக்கத்தில் வைத்துவிட்டு நீ பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாய். காய்ச்சலில் என் விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின. நான் முடித்துக் கூப்பிடும்வரை நீ திரும்பவேயில்லை.

நீ ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது, உன் பாதியை வாங்கி வா என்று என்னை அனுப்பினார்கள். வந்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையைப் பற்றி ஏதோ பேசினேன். உன் பாதியைக் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறேன். மறுபடி அந்த அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் கேட்க மாட்டேன்.

வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, இருந்த கடவுச்சொல்லை அழித்துப் புதிதாக வைத்துக்கொண்டார்கள். சுரேஷ் என்று பெயர். தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, பூந்தமல்லியில் ஃப்ளாட்டில் குடியிருக்கிறார். மரியாதை தெரிந்தவர், வேலையும் தெரிந்தவர். உங்க முறை நல்ல முறை சார், ஆனா ரெண்டு பாதியையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டி யார்கிட்டயாவது கொடுத்து வச்சிருக்கலாமே என்றார். நமக்குச் சாவு வரும் என்று நாம் இருவருமே நினைக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் புதுக் கடவுச்சொல் முழுசும் செயலாளர் கையில் மட்டும் இருக்கிறது. அவர் வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் கன்னியப்பன் தனக்கும் கேட்டிருக்கிறார். பழைய வியாதி.

ஆள் இல்லாத கணக்கை மூடிவிட வேண்டும் என்று சுரேஷ் சொல்வதும் நியாயம்தான். ஆனால் மூடுவது வேறு, அழிப்பது வேறு. ஒவ்வொரு வரைபடத்துக்கும் எதிரில், அதைச் சேமித்தவர் பெயர் இருக்கிறது. அழிந்ததை மீட்டு மறுபடி ஏற்றியவன் நீ, அதனால் பட்டியலைத் திறந்தால் மேலிருந்து கீழே வரைக்கும் நீதான். உன் கணக்கை அழித்தால் வரைபடங்கள் அப்படியே இருக்கும், உன் பெயர் இருந்த இடத்தில் ஒரு நீளமான எண் மட்டும் நிற்கும். அது யாரென்று சர்வருக்கே தெரியாது. செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"போன ஆளுக்கு எதுக்குப்பா கணக்கு? வரைபடம் பத்திரமாத்தானே கீது?" என்றார்.

கிளம்பி வந்துவிட்டேன். ரயிலில் வரும்போது என் பாதியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. இனி அது எதையும் திறக்காது. சாகும்வரை யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

வீட்டுக்கு வந்து, இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். பொதுக்குழுவில் படிக்கப்போகிறேன். உட்காரு என்றாலும் படித்து முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

செயலாளர், முழு உரிமையைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட வேண்டும். பதவிக்கு மரியாதை போதும்.

சுரேஷ், கடவுச்சொல்லை மறுபடி இரண்டாக்கி இருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் சொன்ன அந்த உறைகளையும் அவரே ஒட்டிக்கொடுக்கட்டும். அந்த இருவரில் நான் ஒருவனாக இருக்க வேண்டியதில்லை. உன் கணக்கில் யாரும் நுழையாதபடி அவர் பூட்டிவிட வேண்டும், அழிக்கக் கூடாது.

கன்னியப்பன் தனக்கு உரிமை கேட்டதைத் திரும்பப் பெற வேண்டும். ஏன் என்பதையும் அவர் வாயாலேயே சபையில் சொல்ல வேண்டும்.

யாருடைய உரிமையை எடுத்தாலும், எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளை நேரில் கூப்பிட்டு, உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். இதைச் சங்கம் தீர்மானமாகப் போட வேண்டும்.

நான், எனக்குக் கொடுத்திருக்கும் சாதாரணக் கணக்கில் நாளைக் காலை நுழைந்து என் வேலையைப் பார்க்க வேண்டும்.

உன் பெயருக்கு நேரே எழுத ஒன்றும் இல்லை. நம் இருவரில் ஒருவனுக்கு மட்டும் வேலை எழுதி எனக்குப் பழக்கமில்லை.