வாரிசுக்கும் சேர்த்து

1998 மார்ச், வியாழன் இரவு

காலையில் கனடியக் குடியுரிமைச் சத்தியம் எடுத்தோம். வலது கையை உயர்த்தி, மகாராணிக்கும் அவரது வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று சொல்லவேண்டும். நான் வாயை மட்டும் அசைத்தேன். வெள்ளைக்காரர் இலங்கையை விட்டுப் போகும்போது தமிழர் எங்களை யார் கையில் விட்டுப் போனார்கள் என்பதை ஒரு பாஸ்போர்ட்டுக்காக மறக்கமாட்டேன்.

பின்னேரம் தொலைக்காட்சியைப் போட்டால் அந்த வாரிசுதான். மகாராணியின் பேரன், அந்த இளவரசன், கனடாவின் மேற்குக் கரைக்கு வந்திருக்கிறானாம். பெட்டைகள் கத்தினார்கள், அவன் தலையைக் குனிந்து வெட்கப்பட்டான். கிழடுகளின் முகம் புளித்துப்போனால் பிள்ளையின் முகத்தைக் காட்டுவார்கள். அதுதான் அந்த வீட்டின் வியாபாரம்.

"ஐயோ பாவம் பெடியன். எத்தினை பேரின்ரை கண் பட்டிருக்கும்!" என் மனைவி கமலா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துவந்து, திரையில் தெரிந்த முகத்தை மூன்று தரம் சுற்றி நாவூறு கழித்தாள்.

"உனக்கென்ன விசரே? உவன்ரை பூட்டன்மார்தான் எங்களை வித்தவங்கள்."

"பூட்டன் செய்ததுக்கு உந்தப் பிள்ளை என்னப்பா செய்யும்?"

அவள் அப்படிக் கேட்ட எரிச்சல் இன்னும் போகவில்லை. கிழடுகளைத் திட்டலாம், இவனை எப்படித் திட்டுவது?

அவள் மிளகாயைச் சட்டியில் போட்டுக் கருக்கினாள். புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் குத்தினான். நான் கைக்கு அகப்பட்ட பேப்பரோடு கதிரையில் ஏறி, இருமி இருமி விசிறினேன். சத்தம் நின்ற பிறகுதான் பார்த்தேன். பேப்பரின் முன்பக்கத்தில் அந்த இளவரசன் சிரித்துக்கொண்டிருந்தான், காலையில் உயர்த்திய அதே வலது கையில், என் தலைக்கு மேலே.