காட்டுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டால்

முருகன் துணை

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் எப்போதும் கை போகும், இந்தத் தடவை போகவில்லை. ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், மாத்திரை போடுகிறோம், அதை வைத்து நீ சமாதானப்பட்டுக்கொள். நியூசிலாந்தில் இப்போது வெயில் காலம் என்று மாப்பிள்ளை சசிதரன் சொன்னார், நீங்கள் இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் போனில் பேசிக்கொண்டு இந்த அப்பன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது அம்மாடி, அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் அம்மாவும் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முப்பது வருஷம் கொழுந்து லோரி ஓட்டியவனுக்குப் பேனா பிடிக்கிற கை இல்லை, எழுத்து ஏறி இறங்கிப் போகும், பொறுத்துக்கொண்டு படி.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி திட்டாமல் அனுப்பினாளாம். ஆனால் கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முதுகில் பெரிய பையைக் கட்டிக்கொண்டு வருகிற பையன்கள் கடை வாசலில் நின்று மலைக்கு வழி கேட்கிறார்களாம், அவளால் கையை நீட்டிக் காட்ட முடியவில்லையாம். சரி, போகாதே என்று விட்டுவிட்டேன். தம்பியின் கூடாரத்தை அவன் கூட்டாளி புனிதன் கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டுப் போனான். சேறும் இலையுமாக இருந்ததை அம்மா மூன்று தண்ணீரில் அலசி லயத்துக் கம்பியில் காயப் போட்டாள். காய்ந்த பிறகு அதை அந்தச் சின்ன உறைக்குள் மடித்து வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எப்படி மடித்தாலும் பாதி வெளியே நிற்கிறது. அவன் இரண்டு நிமிஷத்தில் சுருட்டித் தள்ளிவிடுவான். இப்போது அது நம் முன் அறை நாற்காலியில் மூட்டையாகக் கிடக்கிறது, அம்மா யாரையும் அந்த நாற்காலியில் உட்கார விடுவதில்லை.

புனிதனைப் பற்றி நீ எழுதி அனுப்பிய புகார் மூன்று பக்கமும் வந்தது. நான் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நாலு தடவை கேட்டுவிட்டாய், நானும் கண்ணாடி உடைந்துபோச்சு, பேனா எழுதலை என்று சின்னப் பிள்ளை மாதிரி சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜனவரி பன்னிரண்டாம் தேதி காட்டிலாகா விசாரணை. உன் கடிதம் போனால் அவனுடைய வழிகாட்டி லைசென்ஸ் போய்விடும், கேஸும் வரும் என்கிறார்கள். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாசம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலிக்கு வெளியிலேயே நிற்கிறான், அம்மா கதவைச் சாத்திக்கொள்கிறாள். எம் பிள்ளைய வுட்டுட்டு வந்தவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்கிறாள். நான் வெளியே போய் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன், பிறகு அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நீ அந்தப் புகாரை அனுப்பக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று கோபப்படாதே, தெரிந்ததிலிருந்து நடந்தால்தான் தெரியாததுக்கு என்னால் போய்ச் சேர முடியும். தம்பி கோலா தெர்லாவில் காய்கறி கட்டுகிற வேலை முடிந்ததும் சனி ஞாயிறு புனிதனோடு காட்டுக்குப் போவான். தேயிலைக்கு மேலே இருக்கிற அந்த அரசாங்கக் காட்டில் ஒன்றும் கிடையாது, பைப் இல்லை, கக்கூஸ் இல்லை, கூரை இல்லை, போனில் லைன் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், குழி தோண்டித்தான் வெளிக்குப் போக வேண்டும், சாப்பாட்டு மூட்டையை மிருகம் இழுக்காமல் மரத்தில் கட்ட வேண்டும், கொண்டுபோன குப்பையைத் திரும்பச் சுமந்து வர வேண்டும். அதற்குக் கோலாலம்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். டேய், உங்க தாத்தன் இதெல்லாம் சும்மாவே அனுபவிச்சாருடா, நீ இதுக்குப் பெர்மிட்டு வாங்கிட்டுப் போறியான்னு நான் கிண்டல் செய்வேன், அவன் சிரிப்பான். ஆனால் பெர்மிட் இல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. உள்ளே போகிறவர்கள் பேரும் ஐசி அட்டை நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அந்தச் சனிக்கிழமையும் நாலு பேர் எழுதிக் கொடுத்தார்கள், இவன், புனிதன், வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர்.

ஞாயிறு காலையில் தம்பி தண்ணீர் எடுக்கக் கேனோடு இறங்கினான். போனை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், விசில் கூடாரத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரும்பனி இறங்கியது, அதில் முன்னால் நீட்டுகிற கையே தெரியாது, உனக்குத் தெரியும். வழி மாறிப் பள்ளத்தில் சறுக்கினான். புனிதன் அவனை விட்டுவிட்டு ஓடி வரவில்லை அம்மாடி. மத்தியானம் வரைக்கும் தேடினான், ஊ ஊ என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் குரல் கொடுத்தான், விசில் அடித்தான், ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் எட்டவில்லை. பிறகுதான் மற்ற இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கீழே வந்து சொன்னான். அவன் வராமல் அங்கேயே கிடந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தீயணைப்புப் போம்பாக்காரர்களும் காட்டிலாகாக்காரர்களும் அன்றைக்கே ஏறினார்கள். திங்கட்கிழமை நாற்பது பேர். புதன்கிழமை அவனைக் கண்டுபிடித்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, உயிர் போனது குளிரில் என்று எழுதிக் கொடுத்தார்கள். இது வரைக்கும் உனக்குத் தெரியும்.

காட்டுக்குள்ளே நாம் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நீ சின்னவளாக இருந்தபோது மூங்கில் குருத்து வெட்ட உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவேனே, உன்னைப் பெரியது என்பேன், அவனைச் சின்னது என்பேன், தூரத்தில் இருந்தால் ஊ என்று மட்டும்தான் குரல் கொடுப்போம். பேர் காட்டுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அது நம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் உங்களுக்குச் சொன்னேன். யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதீங்க, ஒங்க அம்மா கொரல் மாதிரியே இருந்தாலும் தொறக்காதீங்கன்னு பயமுறுத்தி வைத்தேன். நீ ஒரு தடவை மறந்துபோய் அவன் பேரைச் சொன்னதற்கு நான் உன்னை அடித்தேன், ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் தொலைந்துபோகக் கூடாது என்றுதான் அதெல்லாம் செய்தேன்.

திங்கட்கிழமை என் முட்டிக்கால் வலியால் என்னை மேலே விடவில்லை. கீழே பந்தல் மாதிரி கட்டியிருந்த கூடாரத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். ஏறுவதற்கு முன்னால் காட்டிலாகா ஆபீசர் ஒருவர் என்னிடம் வந்து குனிந்து, பாக்சிக், பெரியவரே, உங்கள் மகனைப் பற்றி எங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். அவர் தோளில் ஒலிபெருக்கி தொங்கியது. அவர்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். நெஞ்சில் அது வந்து நின்றது. பேர் சொல்லாதீங்க, ஊன்னு கூப்பிடுங்க, இல்ல சின்னதுன்னு கூப்பிடுங்க, அவன் பதில் கொடுப்பான்னு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை யூனிபாரம் போட்டவர்கள், மேப்பும் மெஷினும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இந்தத் தோட்டத்துக் கிழவன் பேய்க்கதை சொல்கிறான் என்று நினைத்துவிடுவார்களே என்று வெட்கமாக இருந்தது. துரைக்கு முன்னாலும் கணக்குக் கிராணிக்கு முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நின்று பழகிய வாய் அது. ஒன்றும் இல்லை என்று சொன்னேன். தெரிமா காசி என்று நன்றியும் சொன்னேன்.

போன வாரம் போலீசில் அவன் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். தண்ணீர் இறங்கிச் செத்துக் கிடந்தது. பிரிஞ்சாங்கில் போன் கடை வைத்திருக்கிற ஜாஃபர் பள்ளிக்கூடத்தில் தம்பியோடு படித்தவன், கொடுங்க மாமா, படமாச்சும் எடுத்துத் தரேன்னு வாங்கிக்கொண்டான். இந்த வாரம் திங்கட்கிழமை போனேன். அவன் அதற்கு உயிர் கொடுத்துப் பூட்டைத் திறந்து கடை வைஃபையில் போட்டான். போட்டதும் என் சட்டைப் பையில் என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் தம்பியிடமிருந்து மூன்று மெசேஜ். லைன் இல்லாமல் இத்தனை நாள் உள்ளேயே நின்றவை அப்போதுதான் கிளம்பி வந்திருக்கின்றன. எனக்கு ஒரு நிமிஷம் அவன் இருக்கிறான் என்றே தோன்றிவிட்டது யுவா. ஜாஃபர் என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

முதலாவது ஞாயிறு காலை. அப்பா, சறுக்கி உளுந்துட்டேன், காலு அசைய மாட்டேங்குது, புனிதன் வருவான், பயப்படாதீங்க. இரண்டாவது, தேடப் போன திங்கட்கிழமை மத்தியானம் மூன்று பதினேழுக்கு. அதை அப்படியே எழுதுகிறேன். அப்பா, மேலேர்ந்து என் பேரச் சொல்லி கூப்புடுது, ரொம்பப் பெரிய சத்தம், மனுசக் கொரல் மாதிரி இல்ல, நீங்க சொன்ன மாதிரி நான் வாயத் தொறக்கலப்பா. மூன்றாவது அன்றைக்குச் சாயங்காலம். குளிருது, சத்தம் போயிடுச்சு, அம்மாகிட்ட சொல்லாதீங்க. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் தேடுகிறவர்கள் அவனுக்கு நேர் மேலே இருந்த முகட்டில்தான் நின்றார்கள். அது அவர்கள் எனக்குக் காட்டிய மேப்பிலேயே இருக்கிறது. படித்த பையனுக்கு ஒலிபெருக்கி என்று தெரியாதா என்று நீ கேட்பாய், நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு ராத்திரி முழுக்க மழையில் கிடந்திருக்கிறான், சாப்பாடு இல்லை, கால் வலி, கரும்பனியில் சத்தம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, தட்டாமலேயே போய்விட்டான். ஒரு தடவை தட்டியிருக்கக் கூடாதா பாவிப் பயல்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவன் சொல்லாதீங்க என்று கேட்டுக்கொண்ட கடைசி வார்த்தை அது, ஆறு நாளாக அதைக் காப்பாற்றிப் பார்த்தேன். முடியவில்லை, முடிந்தாலும் சரியில்லை. அவள் புனிதனைச் சபிக்கிறபோதெல்லாம் அது என் மேல் விழ வேண்டியது, அவன் வேலிக்கு வெளியே நின்று வாங்கிக்கொள்கிறான். நாளைக்கு ஞாயிறு. அவன் வந்ததும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லப் போகிறேன். உன் அம்மா என்னை என்ன செய்வாளோ தெரியாது, என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்வேன். ஜாஃபர் அந்த மெசேஜ்களைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறான், ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், இன்னொன்றை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி நானே போய் அந்த ஆபீசர் முன்னால் நிற்பேன். அன்றைக்குச் சொல்லாததைச் சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும். நீ என்னோடு பேச வேண்டாம் என்று நினைத்தால் பேச வேண்டாம், புகாரை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

முருகன் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் வயிற்றில் ஒரு பிள்ளை பிறந்து நீ நிறைந்து இருக்க வேண்டும், அதைப் பார்க்க உன் அம்மாவாவது இருக்க வேண்டும். வேலையில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் கார் ஓட்டாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்த லீவுக்குக் கூடாரத்தோடு அங்கே அரசாங்கக் காட்டுக்குப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். போகாதே என்று சொல்ல மாட்டேன், அங்கே நீ சந்தோஷமாக இருப்பாய் என்று தெரியும். எங்கே படுக்கிறீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள் என்று யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, விசிலைப் பையில் வைக்காதே, கழுத்தில் போட்டுக்கொள். இன்னொன்றும் சொன்னார், ஒங்க மக காட்டுக்குள்ள ஊமை, மாமா, நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டாங்கன்னு சிரித்தார். அது நான் போட்ட கட்டளை. நானே எடுத்துவிட்டேன். உன் பேரை யார் கூப்பிட்டாலும், எந்தக் குரலில் கூப்பிட்டாலும், பேயே கூப்பிட்டாலும் இருக்கட்டும், இங்கதான் இருக்கேன்னு கத்து.

இப்படிக்கு
உன் அப்பா
வேலப்பன்